தஞ்சைப் பெரிய கோயில் விமானம்: மலை ஈரத்திலும் கோணாத முப்பரிமாணப் புதிர் மாதிரி செய்ய ஒரு முழு வழிகாட்டி

சமவெளியில் வாங்கிய லேசர் வெட்டு எம்.டி.எஃப். புதிர்ப்பெட்டி ஒன்றை ஜூலை மாதத்து ஊட்டியில் பிரித்துப் பாருங்கள். காடிக்குள், அதாவது பலகையில் வெட்டிய பள்ளத்துக்குள், நுழைய வேண்டிய நாக்கு நுழையாது. அழுத்தினால் விளிம்பு பிய்ந்து நார் நாராக வரும். அதே பெட்டியைப் பிப்ரவரியில் பிரித்தால் எல்லாம் தொளதொளவென்று இருக்கும். எம்.டி.எஃப். என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். கனத்தின் பக்கமாகத்தான் அதிகம் உப்பும். காடியின் அகலமும் அந்தக் கனத்தை வைத்துத்தான் வெட்டப்பட்டிருக்கிறது.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எங்கே உட்கார்ந்து செய்தாலும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வெற்றி தோல்வி முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி கடைப்பெட்டியை நம்பாமல், ஈரம் குடிக்காத பலகையில் நாமே வெட்டிச் செய்யும் மாதிரியைப் பற்றியது. எடுத்துக்கொண்ட கட்டடம் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம், அதாவது கருவறையின் மேல் எழும் கோபுரம். படிப்படியாகக் குறுகும் சதுர அடுக்குகள், நேர்கோட்டில் ஏறும் விளிம்பு, உச்சியில் எண்பட்டைச் சிகரம். வளைவு வெட்டத் தெரியாதவரும் செய்யக்கூடிய வடிவம் இது. கல் மேல் கல்லாக அடுக்கிப் பொருத்திய கட்டடத்தைத் துண்டு துண்டாக அடுக்கிப் பொருத்துவது போலப் பொருத்தமான புதிர் வேறு கிடைக்காது.

அளவுகளும் கணக்கும்

முதலாம் இராசராசன் 1003 முதல் 1010 வரை எழுப்பிய கோயில் இது. தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் செப்புக் கலசத்தை அவன் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கட்டிய தச்சரின் பெயரும் கல்லில் இருக்கிறது: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். விமானத்தின் உயரம் 216 அடி, அதாவது ஏறத்தாழ 66 மீட்டர் என்பதே பெரும்பாலும் எடுத்தாளப்படும் கணக்கு. சுவரின் அடிப்பக்கம் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். அதற்கு மேல் குறுகிச் செல்லும் 13 தளங்கள்.

1:200 என்ற விகிதத்தில் செய்தால் உயரம் 33 செ.மீ., சுவரின் பக்கம் 15 செ.மீ. இதைவிடச் சிறிதாக்கினால் மேல் அடுக்குகளைக் கையில் பிடித்து வெட்ட முடியாது. 1:100 ஆக்கினால் பலகை நான்கு மடங்குக்கும் மேல் வேண்டும், ஷோகேஸிலும் அடங்காது.

33 செ.மீ. இப்படிப் பிரிகிறது. அதிட்டானம் எனும் அடிப்பீடம் 1.5, சுவர் 6, சுவரின் மேல் மூடுபலகை 0.5, பதின்மூன்று அடுக்குகள் 16.9, கிரீவம் எனும் கழுத்து 1.5, சிகரம் 4.8, கலசம் 1.8. ஒவ்வொரு உறுப்பும் கோயிலில் மில்லிமீட்டர் சுத்தமாக இதே விகிதத்தில் இருக்கிறது என்று சொல்லவில்லை. பலகையின் கனத்துக்கு ஒத்துவரும்படி திருத்திய மாதிரி அளவு இது. தூரத்தில் நின்று பார்த்தால் தஞ்சாவூர் என்று கண் உடனே சொல்லும்.

என்ன பலகை, எவ்வளவு

விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் சன்போர்டு என்று கேளுங்கள். நுரைத்த பிவிசி பலகை. ஈரம் குடிக்காது, பூஞ்சணம் உள்ளே இறங்காது. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் 8×4 அடிப் பலகையாக வைத்திருப்பார்கள். வெட்டி மிஞ்சிய துண்டு கிடைத்தால் அதுவே போதும். இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய தெர்மாகோல் வகை ஃபோம் போர்டைத் தவிர்த்துவிடுங்கள். மலையில் ஒரு மழைக்காலம் போதும், காகிதம் ஒரு பக்கம் இழுத்துப் பலகை அப்பளம் போல வளைந்துவிடும்.

5 மி.மீ. சன்போர்டு 4×2 அடி வேண்டும். கணக்குப்படி தேவைப்படுவது இதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். மீதி, தப்பாக வெட்டும் துண்டுகளுக்காக. 3 மி.மீ. சன்போர்டு 2×2 அடி. அரை அங்குல அலுமினியச் சதுரக் குழாய் 30 செ.மீ.; அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் மிச்சத் துண்டாகக் கிடைக்கும். நடுத்தண்டு இதுதான். மர ரீப்பர் வேண்டாம், அது உப்பினால் எல்லா அடுக்கும் சிக்கிக்கொள்ளும். வட்டக் குழாயும் வேண்டாம், அடுக்குகள் சுற்றிக்கொண்டு மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. காலியான பால்பாயிண்ட் பேனா ரீஃபில் ஏழெட்டு, அடுக்குகளைப் பிணைக்கும் முளைகளுக்கு.

ஒட்டுவதற்கு பிவிசி பைப் சொல்யூஷன் ஒரு சிறிய டப்பா, சூப்பர் குளூ இரண்டு, இரண்டு குழாயாக வரும் எபாக்ஸிப் பசை ஒன்று. கருவி என்றால் உடைத்துப் போடும் பிளேடு கட்டர், ஒரு பாக்கெட் புது பிளேடு, 30 செ.மீ. இரும்பு ஸ்கேல், சிறிய மூலைமட்டம், 120 மற்றும் 220 எண் உப்புத்தாள், ஒரு தட்டை அரம். வெர்னியர் காலிப்பர் ஒன்று இருந்தால் மிக நல்லது. பள்ளிப் பெட்டியிலுள்ள ஸ்கேலை வைத்து அரை மில்லிமீட்டர் பார்க்க முடியாது.

கோவையிலிருந்து பலகை வாங்கி வருபவர்கள் பஸ்ஸில் இடமில்லை என்று சுருட்டிக் கட்டாதீர்கள். கடையிலேயே 2×2 அடியாக வெட்டி வாங்கித் தட்டையாகக் கொண்டுவாருங்கள். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க மடிந்தபடி வந்த பலகை பிறகு நிமிராது.

வெட்டும் முன் பலகையை அளந்து பாருங்கள்

5 மி.மீ. என்று விற்பது பெரும்பாலும் 5 மி.மீ. இருக்காது. 4.6, 4.7, 4.8 என்று வரும். 3 மி.மீ. 2.8 ஆக இருக்கும். பத்துச் சிறு துண்டுகளை அடுக்கி மொத்த உயரத்தை அளந்து பத்தால் வகுத்தால் உண்மைக் கனம் தெரியும். இது ஏன் முக்கியம் என்றால், இந்த மாதிரியின் உயரத்தில் 5 மி.மீ. படலம் 42, 3 மி.மீ. படலம் 14 வருகின்றன. கனம் 4.7, 2.8 என்று இருந்தால் மொத்தத்தில் ஒன்றரை செ.மீ. குறைந்துபோகும். அதில் ஒரு செ.மீ. பதின்மூன்று அடுக்குகளிலேயே போய்விடும். விமானம் குட்டையாக, உட்கார்ந்தாற்போல் தெரியும்.

இதற்குச் சுலபமான மருந்து பழைய ஏ.டி.எம். அட்டைகள். அவை பிவிசி, கனம் 0.76 மி.மீ. கீற்றுகளாக நறுக்கி ஒவ்வோர் அடுக்கின் இரண்டு 5 மி.மீ. படலங்களுக்கும் நடுவில் கொடுத்தால் இழந்த உயரம் திரும்பிவிடும். கீற்றை விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். அந்த மெல்லிய நிழல்கோடு கல்வரி போல அழகாகவும் இருக்கும்.

வெட்டும் பட்டியல்

5 மி.மீ. பலகையில்:

அடிப்பலகை 22×22 செ.மீ., ஒன்று. இதில் துளை இல்லை.
அதிட்டானம் மூன்று சதுரங்கள்: 16.6, 16.2, 15.8 செ.மீ.
மூடுபலகை 15.8 செ.மீ. சதுரம், ஒன்று.
வெளிச்சுவர் நான்கு. இரண்டு 15 செ.மீ. நீளம். மற்ற இரண்டின் நீளம் 15 செ.மீ.யில் பலகையின் உண்மைக் கனத்தை இருமுறை கழித்தது. எல்லாவற்றுக்கும் உயரம் 6 செ.மீ., அதோடு மேலும் கீழும் 4.5 மி.மீ. நீளும் நாக்குகள்.
உட்சுவர் நான்கு, 8×6 செ.மீ. பெட்டியாகும்படி.
அடுக்குகளின் உடல், ஒவ்வோர் அளவிலும் இரண்டு: 13.0, 12.2, 11.4, 10.6, 9.8, 9.0, 8.2, 7.4, 6.6, 5.8, 5.0, 4.2, 3.4 செ.மீ.
கிரீவம், 3 செ.மீ. எண்கோணம் மூன்று.
சிகரம், எண்கோணம் ஒன்பது, கீழிருந்து: 4.0, 4.5, 4.8, 4.8, 4.6, 4.2, 3.6, 2.8, 1.9 செ.மீ.

3 மி.மீ. பலகையில்:

அடுக்குகளின் கபோதம், அதாவது மேல்விளிம்பு: 13.6, 12.8, 12.0, 11.2, 10.4, 9.6, 8.8, 8.0, 7.2, 6.4, 5.6, 4.8, 4.0 செ.மீ. சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒன்று.
சிகரத்தின் உச்சிக்கு 1.2 செ.மீ. எண்கோணம் ஒன்று.

அடுக்குக்கு அடுக்கு 8 மி.மீ. குறைகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. எண்கோணத்துக்கு முதலில் அந்த அளவுச் சதுரம் வரைந்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் பக்க நீளத்தில் 29 சதவீதம் தள்ளிப் புள்ளி வைத்து மூலையைச் சீவுங்கள். 4.8 செ.மீ. சதுரத்துக்கு அது 1.4 செ.மீ.

முடித்தபின் பிரித்துச் சேர்க்கும் துண்டுகள் 29: அடித்தொகுதி 1, வெளிச்சுவர் 4, மூடுபலகை 1, இரண்டாகப் பிளந்த கீழ் எட்டு அடுக்குகள் 16, முழுதாக இருக்கும் மேல் ஐந்து அடுக்குகள் 5, கிரீவமும் சிகரமும் சேர்ந்து 1, கலசம் 1.

வெட்டுதல்

காலை ஏழு மணிக்கு, ஜன்னல் கண்ணாடியில் நீர் முத்து கோத்திருக்கும் நேரத்தில் வெட்ட உட்காராதீர்கள். குளிர்ந்த பிவிசி முறுக்காக இருக்கும், மெல்லிய நாக்குகள் சடக்கென்று ஒடியும். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் பதினோரு மணிக்கு மேல், வெயில் விழும் அறையில் வெட்டுவது நல்லது. சூட்டுக்குப் பிவிசி விரியும் என்பதும் ஒரு காரணம். 15 செ.மீ. பலகை 20 டிகிரி வித்தியாசத்தில் 0.2 மி.மீ. அளவுக்கு நீளும். நாக்கும் காடியும் ஒரே வெப்பத்தில் வெட்டப்பட்டால் சிக்கல் இல்லை. ஒன்றைப் பனிக்காலையிலும் மற்றதைப் பகல் வெயிலிலும் வெட்டினால் இறுக்கம் மாறிவிடும்.

ஸ்கேலை அழுத்திப் பிடித்து, முதல் கீறலை மிக மெதுவாக, வழிகாட்டும் கோடாக மட்டும் போடுங்கள். பிறகு நான்கைந்து கீறல். ஒரே அழுத்தில் அறுக்க முயன்றால் பிளேடு வளைந்து அடிப்பக்கம் வேறு அளவாக வரும். பிளேடு 5 டிகிரி சாய்ந்தால் 5 மி.மீ. பலகையில் 0.4 மி.மீ. பிசகும். பத்து வெட்டுக்கு ஒருமுறை பிளேடு நுனியை உடைத்துவிடுங்கள். பிளேடில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கட்டரை 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு உப்புத்தாள் வேலையும் அடுக்கும் வேலையும் நிறைய இருக்கிறது.

நடுத்துளையில்தான் பொறுமை வேண்டும். அரை அங்குலக் குழாய் என்பது 12.7 மி.மீ. துளை 13.2 மி.மீ. சதுரம். ஒவ்வொரு படலத்திலும் இரு மூலைவிட்டங்கள் வரைந்தால் அவை வெட்டும் இடம் மையம். 3 மி.மீ. பலகையில் 13.2 மி.மீ. துளையும் மூலைவிட்டக் கோடுகளும் உள்ள ஓர் அச்சுத்தகடு செய்து, எல்லாப் படலத்திலும் அதை வைத்தே குறியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் ஐம்பது சிறு தவறுகள் சேரும். அச்சுத்தகட்டில் தவறு இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும், கோபுரம் நேராகவே நிற்கும். துளையை மூலையிலிருந்து நடுப்பக்கத்தை நோக்கி வெட்டுங்கள். எதிர்த்திசையில் வெட்டினால் பிளேடு மூலையைத் தாண்டி ஓடிவிடும். ஒட்டிய பிறகு, குழாயின் மேல் 220 எண் உப்புத்தாளை ஒரு சுற்று சுற்றி உள்ளே விட்டு இரண்டு முறை இழுத்தால் துளை சுத்தமாகும்.

கீழ் எட்டு அடுக்குகளைப் பிளத்தல்

முழு அடுக்குகளை அளவுப்படி கோர்ப்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கே விளையாட்டு. புதிர் என்று சொல்லும்படி ஆக்குவது இந்தப் பிளவுதான். ஒவ்வோர் அடுக்கையும் நடுத்துளை வழியாக இரண்டு பாதியாக்குங்கள். முதல் அடுக்கு கிழக்கு மேற்காக, இரண்டாவது வடக்கு தெற்காக, இப்படி மாற்றி மாற்றி. செங்கல் கட்டில் இணைப்பு இணைப்பின் மேல் வரக்கூடாது என்று கொத்தனார் பார்ப்பது போலத்தான். வெட்டுக்கோடு துளையின் ஒரு பக்கத்தில் நடுவிலிருந்து சில மி.மீ. இடப்புறமும் மறுபக்கத்தில் சில மி.மீ. வலப்புறமும் விலகட்டும். விலகல் முதல் அடுக்கில் 2-ம் 3-ம், அடுத்ததில் 3-ம் 5-ம், அதற்கடுத்ததில் 4-ம் 2-ம் என்று மாறிக்கொண்டே போகட்டும், 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பக்கத்து அடுக்கின் பாதியைத் தவறாகச் சேர்த்தால் மூலை உடனே காட்டிக்கொடுக்கும்.

ஒட்டிய பின் 13 மி.மீ. கட்டையைப் பிளப்பது கட்டரால் முடியாது. ஆகவே மூன்று படலங்களையும் தனித்தனியாக, ஒரே அட்டை அச்சை வைத்துப் பிளந்துவிட்டு, பாதிப் பாதியாக ஒட்டுங்கள்.

பாதிகள் விலகாமல் பிடிப்பவை ரீஃபில் முளைகள். ரீஃபிலின் வெளிவிட்டம் ஏறக்குறைய 3 மி.மீ. பழைய மையைத் துடைத்து 8 மி.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். பாதி உள்ளே, 4 மி.மீ. மேலே நீள வேண்டும். மையத்திலிருந்து ஒன்று வலப்புறம் 15 மேலே 15 மி.மீ., மற்றது இடப்புறம் 15 கீழே 18 மி.மீ. மூலைவிட்டத்தில் இருப்பதால், பிளவு எந்தத் திசையில் இருந்தாலும் பாதிக்கு ஒரு முளை தவறாமல் வரும். மேல் அடுக்கின் இரு பாதிகளிலும் ஒவ்வொன்று நுழையும். 15-க்குப் பதில் ஒன்றில் 18 வைத்ததற்குக் காரணம், அடுக்கு ஒரே ஒரு திசையில்தான் உட்கார வேண்டும் என்பது. மூடுபலகையின் மேலும் இதே இரண்டு முளைகள் வேண்டும். எட்டாம் அடுக்கின் முளைகள் ஒன்பதாம் அடுக்கின் அடியில் நுழையும். அதற்கு மேல் முளை தேவையில்லை, சதுரக் குழாயே போதும். முளை நுழையும் துளை 3.4 மி.மீ. ஆழம் 5 மி.மீ., அதாவது அடிப்படலம் முழுதும் ஊடுருவினால் போதும். மூங்கில் குச்சி சுலபமாகக் கிடைக்கும்தான். ஆனால் தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் ஊறி இறுகி, பிரிக்கும்போது அடுக்கோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும்.

ஒட்டுதல்: இங்கேதான் மலை தன் வேலையைக் காட்டும்

மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை இதற்குச் சரிவராது. பிவிசியில் அது ஊறாது, பற்றாது. தவிர, 10 டிகிரிக்குக் கீழே அது படலமாகச் சேராமல் சுண்ணாம்புப் பொடி போலக் காய்ந்து உதிரும். ஊட்டியின் ஜனவரி இரவில் ஒட்டி வைத்த எதுவும் காலையில் நிற்காமல் போவதற்கு இதுவே காரணம்.

படலங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டப் பைப் சொல்யூஷன். பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லிய பூச்சாக, விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே விட்டுத் தடவுங்கள். அரை நிமிடம்போல நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். அதற்குள் குழாயை நடுத்துளையில் நுழைத்து மூன்று படலமும் ஒரே மையத்தில் நிற்கிறதா என்று பார்த்து, கனமான புத்தகம் ஒன்றை மேலே வையுங்கள். வழிய வழியத் தடவினால் கரைப்பான் நுரையைத் தின்றுவிடும், படலம் அங்கே அமுங்கும். ஒரு பக்கம் அமுங்கினால் அடுக்கு சாயும்.

இந்தச் சொல்யூஷனின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி, கணப்பு மூட்டிய அறையிலோ கம்பி சிவக்கும் ஹீட்டர் பக்கத்திலோ டப்பாவைத் திறக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து, சால்வை போர்த்திக்கொண்டு செய்யுங்கள்.

சிறு பாகங்களுக்குச் சூப்பர் குளூ. அது காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தைக் கொண்டு இறுகும் பசை என்பதால் மூடுபனி நாளில் வேகமாகவே பிடிக்கும். ஆனால் அதே ஈரத்தில் பசையின் ஆவி பக்கத்தில் வெள்ளைப் பொடியாகப் படியும். வர்ணம் அடித்த பிறகு அலங்காரத் துண்டுகளை ஒட்டினால் அந்த வெண்மை அப்பட்டமாகத் தெரியும். எனவே ஒட்டும் வேலை முழுதும் முதலில், வர்ணம் கடைசியில். ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள். ஒட்டியதும் டப்பாவுக்குள் மூடி வைக்காமல் காற்றோட்டமாக வைத்தால் படிவது குறையும்.

அடித்தொகுதி. அதிட்டானத்தின் மூன்று சதுரங்களையும் அடிப்பலகையின் நடுவில் ஒட்டி, துளைக்குள் குழாயை எபாக்ஸியால் நிறுத்துங்கள். மூலைமட்டத்தை இரண்டு பக்கத்திலும் வைத்துப் பார்த்து, செங்குத்தாகத் தெரிந்ததும் நான்கு புத்தகங்களை அண்டக் கொடுத்து அசையாமல் விட வேண்டும். குளிரில் எபாக்ஸி இறுக ஒரு முழு நாள் கொடுங்கள். அவசரம் என்றால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, 30 செ.மீ. தள்ளி வைக்கலாம். பெட்டியைத் தனியே விட்டுப் போகக் கூடாது. உள்ளே கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போனால் பிவிசி இளகும்.

குழாயைச் சுற்றி உட்சுவர்ப் பெட்டியை ஒட்டுங்கள். வெளியிலிருந்து தெரியாத பாகம்தான் என்றாலும் விட்டுவிடக் கூடாது. உண்மை விமானமும் இரட்டைச் சுவர்தான். இரண்டுக்கும் நடுவிலுள்ள சுற்றுப்பாதையில்தான் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. மேல்தளத்தின் பாதையில் நடனக் கரணச் சிற்பங்கள் 81 இருக்கின்றன. மேலே ஏறும் அவ்வளவு கல்லையும் சுமப்பவை அந்த இரட்டைச் சுவர்கள். நம் மாதிரியிலும் மூடுபலகை நடுவில் தொங்காமல் காப்பது இந்தப் பெட்டியே.

வெளிச்சுவர்கள் ஒட்டப்படுவதில்லை. ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் இரண்டிரண்டு நாக்குகள், 20 மி.மீ. அகலம். அதிட்டானத்தின் மேல்படலத்திலும் மூடுபலகையிலும் அதற்கான காடிகள். காடியின் அகலம் உண்மைக் கனத்தைவிட 0.2 மி.மீ. கூடுதல். முதலில் கழிவுத் துண்டில் ஒரு காடி வெட்டிச் சோதியுங்கள். நாக்கு விரலழுத்தத்தில் நுழைந்து, தலைகீழாகப் பிடித்தால் விழாமல் இருப்பது சரியான அளவு. கிழக்குச் சுவரில் 15×35 மி.மீ. வாசல். கிழக்குச் சுவரின் ஒரு நாக்கை 25 மி.மீ. ஆக்கிவிட்டால் அதை வேறு பக்கத்தில் சொருக முடியாது. உண்மையில் கிழக்கே அர்த்தமண்டபமும் மகாமண்டபமும் நீள்கின்றன. இந்த மாதிரியில் விமானம் மட்டும்.

சிகரம், நந்திகள், அலங்காரம்

சிகரத்தின் கீழ் நான்கு படலங்களுக்கும் கிரீவத்தின் மூன்றுக்கும் நடுத்துளை வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். எல்லாம் ஒட்டிக் காய்ந்தபின் 120 எண் தாளால் படிகளைத் தேய்த்து எட்டுப் பட்டையும் சீராக வளையும்படி செய்யுங்கள். எட்டு விளிம்புக்கோடுகள் மழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உருண்டையாகிவிட்டால் தஞ்சாவூர்ச் சாயல் போய்விடும். தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிகரம் 80 டன் ஒரே கல் என்று சொல்வது வழக்கம். அதுவும் பல கற்களைச் செதுக்கிப் பொருத்தியதுதான். நாம் பத்துப் படலத்தில் செய்வது ஒன்றும் குறைவில்லை.

பதின்மூன்றாம் அடுக்கின் நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டாக எட்டு நந்திகள். எபாக்ஸிக் களிமண்ணில் 6 மி.மீ. நீளத்துக்கு உருட்டி, தலை, திமில், மடித்த கால் என்று மூன்று அழுத்தம் கொடுத்தால் போதும்.

மற்ற அடுக்குகளின் விளிம்பில் கிடைக்கும் இடம் 7 மி.மீ. மூலைக்கு ஒரு கர்ணகூடம் எனும் சதுரச் சிறுகோயில் வடிவம், 6 மி.மீ. சதுரம். பக்க நடுவில் ஒரு சாலை எனும் நீள்சதுரச் சிறுகோயில் வடிவம், 6×15 மி.மீ., மேற்புறம் வண்டிக்கூடு போல உருட்டியது. இவை 5 மி.மீ. கழிவிலேயே வரும். மேலே போகப் போகச் சாலையின் நீளத்தைக் குறையுங்கள். பிளந்த அடுக்குகளில் சாலை வெட்டுக்கோட்டின் மேல் விழுந்தால் அதை ஒரு பாதியில் மட்டும் ஒட்ட வேண்டும். இரண்டிலும் ஒட்டினால் அடுக்கு பிறகு பிளக்காது. வெளிச்சுவரின் நடு உயரத்தில் 3 மி.மீ. கீற்று ஒன்றைச் சுற்றிலும் ஒட்டினால் உண்மைச் சுவரின் இரண்டு வரிசைக் கோட்டங்கள், அதாவது சிலை மாடங்கள், கண்ணுக்கு வந்துவிடும்.

கலசத்துக்குப் ஃபேன்சி கடை மணிகள்: 8, 5, 3 மி.மீ. ஒரு குண்டூசியில் கோர்த்து, நுனியில் 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

குழாயின் இறுதி நீளத்தை இப்போதுதான் முடிவுசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால், சிகரம் கிரீவத்தோடு கீழே உட்காராமல் தூக்கி நிற்கும். எவ்வளவு தூக்குகிறதோ அதைவிட 5 மி.மீ. கூடுதலாகக் குழாயின் தலையை அறுத்து, பிசிறை அரத்தால் தேயுங்கள். முன்கூட்டியே அளந்து அறுத்தால் பலகைக் கனத்தின் வித்தியாசத்தில் கட்டாயம் தவறும்.

வர்ணம்

220 எண் தாளால் மேற்பரப்பின் பளபளப்பை எடுத்துவிட்டு அக்ரிலிக் வர்ணம். கருங்கல் என்றாலும் கறுப்பு வேண்டாம். அந்தக் கல் மாலை வெயிலில் தேன் கலந்த பழுப்பு. பழுப்பு இரண்டு பங்கு, மங்கல் மஞ்சள் ஒரு பங்கு, சாம்பல் ஒரு பங்கு. முதல் பூச்சில் சலித்த மெல்லிய மணல் ஒரு சிட்டிகை கலந்தால் கல்லின் சொரசொரப்பு வரும். காய்ந்தபின் இளநிறத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் எடுத்து விளிம்புகளில் மட்டும் இழுங்கள். முளை, காடி, துளை, அடுக்கின் அடிப்பக்கம், பாதிகள் சேரும் முகம் எதிலும் வர்ணம் படக் கூடாது. இரண்டு பூச்சு சேர்ந்தாலே 0.2 மி.மீ. இடைவெளி அடைந்துவிடும்.

அக்ரிலிக்கும் 10 டிகிரிக்கு மேல்தான் சரியாகப் படியும். ஸ்ப்ரே வார்னிஷ் அடிப்பதானால் மூடுபனி இறங்காத நாளைப் பாருங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் போல வெளுத்துவிடும். ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் ஸ்ப்ரே வேலைக்கு ஆகாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் வசதியான காலம்.

கோர்க்கும்போது வரும் கோளாறுகள்

நடுத்தண்டு இருப்பதால் விமானம் சாயாது. தவறு இருந்தால் அது இடைவெளியாகத்தான் வெளிப்படும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிந்தால், கீழ் அடுக்கை 180 டிகிரி திருப்பி முளை இல்லாமல் வைத்துப் பாருங்கள். இடைவெளி கூடவே திரும்பினால் கோளாறு அந்த அடுக்கில். திரும்பாமல் அங்கேயே நின்றால் அதற்கு மேலோ கீழோ உள்ளதில். உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, மேடான பக்கத்தைத் தேய்த்தால் சரியாகும்.

அடுக்கு பாதியிலேயே சிக்கினால் அழுத்தாதீர்கள். கரைப்பான் வழிந்து துளைக்குள் இறுகியிருக்கும். உப்புத்தாள் சுற்றிய குழாயை மறுபடி ஓட்டுங்கள். எல்லா அடுக்கும் ஒரே உயரத்தில் சிக்கினால் குழாயில்தான் பிசிறு.

இரண்டு பாதிகள் கோபுரத்தில் சேராமல் மேசையில் மட்டும் சேர்கின்றன என்றால் முளை சாய்ந்திருக்கிறது. பிடுங்கிவிட்டு, துளையை ஒரு சொட்டுச் சூப்பர் குளூவும் சிறிது சன்போர்டுத் தூளும் கொண்டு அடைத்து, புதிதாகத் துளையிடுவதுதான் வழி.

அடுக்கி முடித்ததும் மேசை விளக்கைப் பக்கவாட்டில் காட்டிப் பாருங்கள். பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அடிப்பலகையின் மேல் நீண்டு விழும் நிழல் நேரில் விடை சொல்லும். தஞ்சையிலும் அது விழத்தான் செய்கிறது.

வெட்டி மிஞ்சிய சன்போர்டுத் துண்டுகளைக் கணப்பிலோ குப்பையோடோ எரிக்கக் கூடாது. பிவிசி எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு, மூச்சுக்குழாயை அரிக்கும். பிளாஸ்டிக் சேகரிப்பவர்களிடம் தனியே கொடுங்கள். மாதிரியைப் பிரித்து வைக்கும்போது பெரிய அடுக்கு அடியில் வரும்படி, பாதிகளைச் சேர்த்தே ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டால், நந்திகளின் மேலும் வர்ணத்தின் மேலும் மழைக்காலப் பூஞ்சணம் வராது. வெயிலில் காயவைத்தால் பொட்டலத்தின் ஈரம் முழுதாக நீங்காது, ஆகவே மே முடிவதற்குள் புதியதைப் போட்டுவிடுங்கள்.